ஹாலோவீன் மிட்டாய்ப் பைகள்: எதை வாங்கினால் கை நீளாது?

அமெரிக்கக் கடைகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரஞ்சும் கறுப்புமாகப் பைகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஹாலோவீன் அன்று வேஷம் போட்டு வாளியோடு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வாசலில் நின்று கொடுக்கப்போவது அக்டோபர் 31 சாயங்காலம் இரண்டு, மூன்று மணி நேரம். விற்பதோ இரண்டு மாதம். நடுவில் அந்தப் பைகளைக் காலி செய்வது பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

எது ருசி என்று தரம் பிரிக்கும் விமர்சனங்கள் ஏராளம். இங்கே அளவுகோல் வேறு. வாங்கி வீட்டில் வைத்தால் கை போகாமல் இருக்குமா? போனாலும் எத்தனை துண்டோடு நிற்கும்? இப்படிப் பார்த்தால் ருசியில் முதலிடம் பிடிப்பவை பலவும் கடைசிக்குப் போய்விடும். 'சர்க்கரை இல்லை' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற சரக்கும் நினைத்த இடத்தில் நிற்காது.

பெரிய கலவைப் பை

காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப் போன்ற கடைகளில் 150 துண்டு அளவில் கிடைக்கும் கலவைப் பைதான் எல்லாரும் எடுப்பது. துண்டு ஒன்றுக்கு விலை குறைவு, ஒரே பையில் ஐந்தாறு வகை. கையை அடக்க நினைப்பவர்களுக்கு இதைவிட மோசமான பை கிடையாது.

முதலில் கணக்கு. ஒரு ஃபன் சைஸ், அதாவது குட்டி, ஸ்னிக்கர்ஸ் பார் 17 கிராம். அதில் 80 கலோரி, சுமார் 8 கிராம் சர்க்கரை. ரீஸஸ் கடலை வெண்ணெய்க் கப்பின் ஸ்நாக் சைஸும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கிட்கேட் 70 கலோரி. ஸ்கிட்டில்ஸ் சின்னப் பொட்டலம் 60 கலோரிதான், ஆனால் கொழுப்பு மிகக் குறைந்து பெரும்பகுதி சர்க்கரையாக இருப்பதால் 11 கிராம். நான்கு கிராம் சர்க்கரை ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால், எதை எடுத்தாலும் துண்டுக்கு இரண்டு டீஸ்பூனை ஒட்டி வரும். 150 துண்டுப் பை என்றால் பதினோராயிரம் கலோரிக்கு மேல், ஒரு கிலோவுக்குக் குறையாத சர்க்கரை. அமெரிக்க இதய சங்கம் சொல்லும் சேர்த்த சர்க்கரையின் அளவு, ஒரு நாளைக்குப் பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராம், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 25 கிராமுக்குள். மூன்று ஃபன் சைஸ் போனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அன்றைய கோட்டா முடிந்தது. காலையில் குடித்த காபியில் போட்ட சர்க்கரையைச் சேர்க்காமலே.

இந்தப் பையின் நிஜமான வில்லங்கம் கலோரி இல்லை, கலவை. ஒரே மிட்டாயைத் தொடர்ந்து தின்றால் நாலாவதிலோ ஐந்தாவதிலோ நாக்குக்குச் சலித்துவிடும். கேரமல், அப்புறம் மொறுமொறு வேஃபர், அப்புறம் உப்புக்கரிக்கும் கடலை வெண்ணெய், அப்புறம் புளிப்பு என்று மாறி மாறி வந்தால் அந்தச் சலிப்பு வருவதே இல்லை. கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் வருவது இப்படித்தான். ஆகவே முதல் விதி: ஒரே வகை உள்ள பை. இரண்டாவது விதி: அந்த ஒரு வகையும் வீட்டில் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காததாக இருக்கட்டும்.

இன்னொரு சூழ்ச்சி பெயரில் இருக்கிறது. 'ஃபன் சைஸ்', 'ஸ்நாக் சைஸ்', 'மினியேச்சர்', 'மினிஸ்' எல்லாம் கம்பெனிகள் வைத்துக்கொண்ட பெயர்கள். இவ்வளவு கிராம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொதுவாக ஃபன் சைஸும் ஸ்நாக் சைஸும் 14 முதல் 18 கிராம். மினியேச்சர் என்பது 8, 9 கிராம், சுமார் 44 கலோரி. ரீஸஸ் போன்ற சில பிராண்டுகளில் 'மினிஸ்' என்று ஒட்டுப்பையில் வருபவை காகிதமே சுற்றாத குட்டித் துண்டுகள். கையை விட்டால் பத்து வரும். பின்பக்க அட்டவணையைப் படிக்கும்போது 'சர்விங்' என்பது ஒரு துண்டா, இரண்டா, மூன்றா என்று பார்க்காமல் கலோரியைப் படித்துப் பயன் இல்லை. பைக்குப் பை அது மாறும்.

மூன்று ஃபன் சைஸ் ஸ்னிக்கர்ஸ் 51 கிராம். கடையில் கவுன்டர் பக்கத்தில் விற்கும் முழு பார் 52.7 கிராம், 250 கலோரி. அதாவது மூன்று குட்டிகள் கிட்டத்தட்ட ஒரு முழு பார். முழு பார் தின்றவருக்கு ஒன்று தின்றோம் என்ற நினைப்பு இருக்கும். குட்டிகளைத் தின்றவருக்குக் காகிதத்தைக் குப்பையில் போட்டதும் மறந்துவிடும். இதற்கு எளிய மருந்து, அன்றைக்குப் பிரித்த காகிதங்களைக் கண்ணில் படும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்து ராத்திரிதான் குப்பைக்கு அனுப்புவது. நாலாவது காகிதம் சேரும்போது கை தானே தயங்கும்.

முழு பார் பெட்டி

கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: வாசலுக்கு இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் மட்டுமே வரும் தெருவில் இருப்பவர்களுக்கு 30 முழு பார் அடங்கிய பெட்டிதான் நல்லது. ஒரு பிள்ளைக்கு ஒன்று. கணக்கு சுலபம், எத்தனை கொடுத்தோம், எத்தனை மிச்சம் என்று ஒரு பார்வையில் தெரியும். பெட்டியில் ஒரு வரிசையில் ஓட்டை விழுந்தால் யார் எடுத்தது என்ற கேள்வி வீட்டில் எழும். 250 கலோரி பாரைப் பிரிப்பது ஒரு தீர்மானம். 80 கலோரிக் குட்டியைப் பிரிப்பது பழக்க தோஷம். பிள்ளைகளிடம் 'முழு பார் வீடு' என்று தெருவில் நல்ல பெயரும் கிடைக்கும்.

நூறு பிள்ளை வரும் தெருவுக்கு இது கட்டுப்படியாகாது. அங்கே ஒரே வகை ஃபன் சைஸ் பைகள் இரண்டு, மூன்று வாங்கி, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிரிப்பது நல்லது. பிரிக்காத பையை ரசீதோடு திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதைக் கடையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகைச் சரக்குக்குச் சில கடைகளில் தனி விதி உண்டு.

பிடிக்காததை வாங்கும் கலை

கேண்டி கார்ன் எனும் மூவர்ண மக்காச்சோள மணி, 1880-களிலிருந்து இருக்கிறது. சர்க்கரை, கார்ன் சிரப், ஜெலட்டின், மேலே பளபளப்புக்கு அரக்குப் பூச்சு. மெழுகைக் கடிப்பதுபோல் இருக்கிறது என்று பாதி அமெரிக்காவே திட்டும். கையடக்க வேண்டியவர்களுக்கு அது ஒரு தகுதிதான். ஆனால் பெரும்பாலும் காகிதம் சுற்றாமல் கொட்டிக் கொடுக்கும் சரக்கு என்பதால் வாசலில் கொடுக்க ஏற்றதல்ல. காகிதம் இல்லாத மிட்டாயை எந்தப் பெற்றோரும் பிள்ளையைத் தின்ன விடுவதில்லை. பிடித்துப்போன சிறுபான்மையில் நீங்களும் ஒருவர் என்றால் இதைவிட ஆபத்து வேறில்லை: ஒரு கைப்பிடி, அதாவது பதினைந்து இருபது மணி, சுமார் 140 கலோரி, ஏழு டீஸ்பூன் சர்க்கரை.

ஸ்மார்ட்டீஸ் என்று அமெரிக்காவில் விற்கும் மாத்திரைச் சுருள் எங்கள் கணக்கில் உயர்ந்த இடம் பெறுகிறது. (கனடாவில் இதே பெயரில் வருவது சாக்லேட், மாத்திரைச் சுருளுக்கு அங்கே ராக்கெட்ஸ் என்று பெயர்.) சுருள் ஒன்றுக்கு 25 கலோரி, 6 கிராம் சர்க்கரை. சுண்ணாம்புக்கட்டி போன்ற ருசி. பெரியவர்கள் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். கூடுதலாக ஒரு பயன். இதில் இருப்பது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸே. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் 15 கிராம் வேகமான மாவுச்சத்து எடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்கச் சொல்வார்கள். இரண்டரை, மூன்று சுருள் அதற்குச் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். மிச்சமான சுருள்களை மருந்துப் பெட்டியில் போட்டு வைக்கலாம்.

டம் டம்ஸ் குச்சி மிட்டாயும் ஏறக்குறைய அதே 25 கலோரிதான். வாயில் நெடுநேரம் நிற்பதால் அடுத்ததற்குக் கை உடனே போகாது. பல் மருத்துவரிடம் கேட்டால் அதே காரணத்துக்காக இதைத் திட்டுவார். அவர் சொல்வதும் நியாயம்: வாயில் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. மிட்டாய் வாயில் இருக்கும்வரை கிருமிகள் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தீர்ந்த பிறகும் உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரம் வரை பிடிக்கும். பல்லைப் பொறுத்தவரை சாக்லேட்தான் சாது, கரைந்து போய்விடும். கேரமலும் கம்மி எனும் ஜெல்லி மிட்டாயும் பல் இடுக்கில் ஒட்டி உட்கார்ந்துவிடும். புளிப்பு மிட்டாய்கள் தாமே அமிலம். அவற்றைத் தின்ற கையோடு பல் தேய்க்கக் கூடாது. இளகியிருக்கும் எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும்.

கறுப்பு லிக்கரிஸ் (அதிமதுரம்) வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று வாங்குவதாக இருந்தால், வாசலுக்கு வரும் பிள்ளைகளும் தொடமாட்டார்கள். தாத்தா பாட்டிக்குப் பிடித்துப்போனால் மட்டும் கவனம்: நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் நிஜமான கறுப்பு லிக்கரிஸைத் தினம் இரண்டு அவுன்ஸ் வீதம் இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கம்மி, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன், அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட் ஆகியவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. மாடா பன்றியா என்று பெரும்பாலும் போட்டிருக்காது. ஸ்கிட்டில்ஸில் ஜெலட்டின் கிடையாது. 'சைவம்தானா' என்று பிள்ளை வசூலித்து வந்த வாளியை ஒருமுறை பிரித்துப் பார்க்கும் வேலையே பாதி மிட்டாயை ஒதுக்கிவிடும்.

'சர்க்கரை இல்லை' அலமாரி

இங்கேதான் பணமும் வயிறும் கெடும். வீட்டில் நீரிழிவு இருப்பவர்கள் நேராக இந்த அலமாரிக்கு வருவதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஹெர்ஷிஸ் ஜீரோ ஷுகர், ரீஸஸ் ஜீரோ ஷுகர் போன்றவற்றில் இனிப்புக்கு மால்டிடால். இது சர்க்கரை ஆல்கஹால் வகை. குடிக்கும் ஆல்கஹாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ருசி அசல் சாக்லேட்டுக்கு மிக அருகில் வரும், அதனால்தான் கம்பெனிகளுக்கு இதன்மேல் பிரியம். ஆனால் இதிலும் கிராமுக்கு 2.1 கலோரி உண்டு (சர்க்கரையில் 4). ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். சாதாரணச் சர்க்கரை ஏற்றுவதில் பாதியளவு என்று வைத்துக்கொள்ளலாம். கொழுப்போ அசல் சாக்லேட்டில் உள்ளதற்குக் குறைவில்லை. 'ஜீரோ' என்பது சர்க்கரை என்ற ஒரு வரிக்கு மட்டும்.

மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடுபவர்கள் செய்யும் தவறு, சர்க்கரை ஆல்கஹாலை முழுசாகக் கழித்துவிடுவது. வழக்கமான முறை, அது 5 கிராமுக்கு மேல் இருந்தால் பாதியை மட்டும் கழிப்பது. உதாரணமாக மொத்த மாவுச்சத்து 24, சர்க்கரை ஆல்கஹால் 18 என்று போட்டிருந்தால், கணக்கில் எடுக்க வேண்டியது 15, ஆறு இல்லை.

அடுத்தது வயிறு. மால்டிடாலைச் சிறுகுடல் அரைகுறையாகத்தான் உறிஞ்சும். மீதி பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். முப்பது நாற்பது கிராம் ஒரே மூச்சில் போனால் பெரியவர்களுக்கே வயிற்றுப்போக்கு வரலாம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவே போதும். பையின் பின்புறம் 'அதிகம் உண்டால் மலமிளக்கும்' என்று பொடி எழுத்தில் இருக்கும் வரி சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல. கட்டுப்பாட்டுக்கு இது ஒருவகையில் உதவும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஆனால் வாசலுக்கு வரும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

லில்லிஸ் சாக்லேட் ஸ்டீவியா என்ற இலையின் இனிப்பும் எரித்ரிடால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலும் சேர்ந்தது. (2021-இல் இதை ஹெர்ஷியே வாங்கிவிட்டது.) எரித்ரிடாலில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் வயிற்றுத் தொல்லை குறைவு, ரத்தச் சர்க்கரையும் அநேகமாக ஏறுவதில்லை. நாக்கில் புதினா இல்லாமலே ஒரு குளிர்ச்சி தட்டும், கடைசியில் ஸ்டீவியாவின் கசப்பு வால் நீளும். இந்தக் குறைகள்தான் இரண்டு துண்டோடு நிறுத்தவைக்கின்றன. பாக்கெட்டில் இன்யூலின் என்ற நார்ச்சத்தும் இருக்கும். அதற்குப் பழகாத வயிறு இரைச்சல் போடும். 2023-இல் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் ரத்தத்தில் எரித்ரிடால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் அதிகம் காணப்பட்டதாக வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்பட்டது என்பதுதான் அதன் பொருள். எரித்ரிடால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, நம் உடம்பே கொஞ்சம் எரித்ரிடால் தயாரிக்கவும் செய்கிறது. ஆனாலும் இதய நோய் இருப்பவர்கள் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கம்மி பிரியர்களுக்கு ஸ்மார்ட்ஸ்வீட்ஸ். கனடாவில் தொடங்கிய பிராண்டு. 50 கிராம் பை முழுக்கவும் 3 கிராம் சர்க்கரை என்பது கேட்க ஆச்சரியம். இனிப்பு அல்லுலோஸ் என்ற அரிய வகைச் சர்க்கரையிலிருந்து வருகிறது. அது கிராமுக்கு 0.4 கலோரிதான் தரும், 2019 முதல் அமெரிக்க லேபிளில் 'சர்க்கரை' வரியில் சேர்ப்பதும் இல்லை. அசல் கம்மியை விடக் கொஞ்சம் ரப்பர், பல்லில் கூடுதலாக ஒட்டும். விலை அதிகம். சாயங்காலம் கம்மிக்கு நாக்கு அலைபவர் தமக்கென்று ஒரு பை வாங்கி மறைத்து வைத்துக்கொள்ள ஏற்றது; ஊருக்குக் கொடுக்க இல்லை.

நாய் வளர்ப்பவர்கள் இந்த அலமாரியில் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும்: சைலிடால். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில மிட்டாய்களிலும் இருக்கும், 'பர்ச் ஷுகர்' என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும். மனிதப் பல்லுக்கு நல்லது, நாய்க்கு விஷம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது, கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம்.

இவ்வளவும் தேவையில்லை என்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் மாற்று, 85 சதவீதக் கறுப்புச் சாக்லேட். பத்து கிராம் சதுரம் ஒன்றில் சுமார் ஒன்றரை கிராம் சர்க்கரைதான். கடித்துத் தின்றால் கசப்பு, வாயில் கரைய விட்டால் ருசி. இரண்டாவது சதுரத்துக்கு நாக்கு அடம்பிடிக்காது. யுன்ரியல் என்ற பிராண்டையும் பார்க்கலாம். ஹாலோவீன் மிட்டாயை அப்பா பறிமுதல் செய்துவிட்ட பையனின் கோபத்தில் பிறந்த கம்பெனி அது. வழக்கமான பிராண்டுகளை விடச் சர்க்கரை குறைவு, செயற்கை நிறமில்லை. ருசி நன்றாக இருப்பதுதான் சிக்கல். நம் அளவுகோலில் மதிப்பெண் குறைகிறது.

தின்ன முடியாதது

மிச்சமானாலும் வாயில் போட முடியாத பொருளை வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக டென்னஸியில் தொடங்கி, 2014-இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுபோன 'நீலப்பச்சைப் பூசணி' ஏற்பாடு இதற்கு வசதி. வாசலில் அந்த நிறப் பூசணி ஒன்று இருந்தால் இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று அர்த்தம்.

சிறந்தது, ஒளிரும் வளையல். நூறு அடங்கிய குழாயாகக் கிடைக்கும். முன்கூட்டியே மடித்து ஒளியேற்றிவிடாதீர்கள்; பிள்ளையின் கையில் கொடுக்கும்போது மடித்துக் கொடுத்தால் ராத்திரி முழுக்க எரியும், இருட்டில் கார்க்காரர் கண்ணுக்கும் பிள்ளை தெரியும். கடித்து உடைத்தால் உள்ளே இருக்கும் திரவம் கடுங்கசப்பு, கண்ணில் பட்டால் எரியும். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். ப்ளே-டோ எனும் விளையாட்டு மாவின் குட்டி டப்பாக்கள் பிள்ளைகளிடம் வளையலைவிட எடுபடும். ஆனால் அதில் கோதுமை இருக்கிறது, கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சரிவராது. நீலப்பச்சைப் பூசணி வைத்துவிட்டு இதை மட்டும் கொடுப்பது அரைகுறை வேலை. ஸ்டிக்கர், டாட்டூ, பென்சில் எல்லாம் ஐந்து வயதுவரைதான் செல்லும். பத்து வயதுப் பையனிடம் பென்சில் நீட்டினால் அவன் முகமே பதில் சொல்லிவிடும்.

உப்புப் பிரெட்ஸல் சின்னப் பொட்டலம் நடுவழி. இனிப்புக்கு ஏங்கும் கை உப்புப் பொட்டலத்துக்கு அவ்வளவாகப் போவதில்லை.

வாளி வீட்டுக்கு வந்த பிறகு

வாங்கியது போக, பிள்ளை வசூலித்து வருவது இன்னொரு பங்கு. எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொல்லும் வழி பலருக்கும் பயமாக இருக்கும்: முதல் ராத்திரியும் மறுநாளும் பிள்ளை விரும்பியதைத் தின்னட்டும், பிறகு வாளி பெரியவர் கைக்கு, சாப்பாட்டோடும் சிற்றுண்டியோடும் ஓரிரண்டு மட்டும். பூட்டி வைத்துத் தினம் பேரம் பேசுவதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. சாப்பாட்டோடு தின்பதால் உமிழ்நீர் அதிகம் சுரந்து பல்லும் தப்பும்.

பல் மருத்துவமனைகளின் 'மிட்டாய் திரும்ப வாங்கும்' சேவை 2005-இல் விஸ்கான்சினில் ஒரு பல் மருத்துவர் தொடங்கிவைத்தது. வழக்கமான விலை பவுண்டுக்கு 1 டாலர். பல இடங்களில் தலைக்கு இத்தனை பவுண்டுதான் என்ற வரம்பும் உண்டு. சேரும் மிட்டாய் ஆபரேஷன் கிராட்டிட்யூட் போன்ற அமைப்புகள் வழியாக ராணுவ வீரர்களுக்குப் போகிறது. (வீரர்களின் பல் என்ன பாவம் செய்தது என்று கேட்கக் கூடாது.) சேவை நல்லதுதான், விலைதான் பிள்ளைக்கு உறைக்காது: ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 27 ஃபன் சைஸ். கூட்டல் தெரிந்த பிள்ளை 27 மிட்டாய்க்கு ஒரு டாலரா என்று கேட்கும். வீட்டிலிருந்தும் ஒரு தொகை போட்டுக் கொடுத்தால்தான் வியாபாரம் படியும். பிரித்ததையும் காகிதம் கிழிந்ததையும் வாங்கமாட்டார்கள். நவம்பர் முதல் வாரத்தோடு பல இடங்களில் முடிந்துவிடும், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

ராத்திரி சூனியக்காரி வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள் என்ற 'ஸ்விட்ச் விட்ச்' விளையாட்டு நாலு முதல் ஏழு வயதுவரை அழகாக எடுபடும். அக்டோபர் 31-க்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாளி நிறைந்த பிறகு சொன்னால் அது பரிமாற்றம் ஆகாது, பறிமுதல்தான். எத்தனை துண்டு பிள்ளைக்கு மிச்சம் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது, எங்கே வைப்பது

அக்டோபர் 29, 30. அதற்கு முன் வேண்டாம். பிடித்த பிராண்டு தீர்ந்துபோகும் என்று பயப்படத் தேவையில்லை. தீர்ந்துபோவதுதான் நமக்கு வேண்டும். சீக்கிரம் வாங்கியே ஆகவேண்டும் என்றால் பையை ஒட்டு நாடாவால் சுற்றி, ஏணி போட்டால்தான் எட்டும் அலமாரியில் வையுங்கள். கார் டிக்கியில் வைக்கும் யோசனை நியூ ஜெர்சிக்குச் சரி. டெக்ஸஸிலும் அரிசோனாவிலும் அக்டோபர் வெயிலுக்கு கொக்கோ வெண்ணெய் இளகி, மறுபடி உறையும்போது மேலே வெள்ளைப் படலம் பூக்கும். தின்றால் ஒன்றும் ஆகாது, கொடுத்தால் பிள்ளைகள் பூஞ்சணம் என்று தூக்கிப் போட்டுவிடும். ஃப்ரீசரில் வைப்பது பாதிப் பேருக்குத்தான் உதவும். கல்லாக உறைந்த ஸ்னிக்கர்ஸ் மெல்ல நேரம் பிடிக்கும் என்பது சரிதான். உறைந்த மில்கி வே இன்னும் ருசி என்பவர்களும் உண்டு.

அலுவலகத்தில் மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணம் வைக்கும் அன்பர் ஒருவர் எப்படியும் இருப்பார். மூடி உள்ள, உள்ளே தெரியாத டப்பாவாக மாற்றி, எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மணிச் சோர்வுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு பிடி பாதாமோ டிராயரில் இருந்தால் கிண்ணத்தின் பக்கம் போவது பாதியாகும்.

நம் வீடுகளில் இன்னொரு கூட்டல் உண்டு. தீபாவளியும் இதே பருவத்தில்தான். 2024-இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. 2026-இல் எட்டு நாள் இடைவெளிதான், நவம்பர் 8. வாளி தீருமுன் மைசூர்பாகு டப்பா வந்துவிடும். மைசூர்பாகின் முதுகில் அட்டவணை ஒட்டியிருக்காது என்பதால் அது கணக்கில் வராமல் போய்விடுகிறது. இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்றால் எங்கள் ஓட்டு மிட்டாய்க்கு எதிராக: ஸ்னிக்கர்ஸ் மார்ச் மாதமும் கிடைக்கும், அம்மா கைப்பட்ட அதிரசம் கிடைக்காது.

நவம்பர் 1 காலை அதே அலமாரியில் பாதி விலை, நாலைந்து நாளில் கால் விலை. ரீஸஸ் பூசணி வடிவத்தில் வருவது ஒன்றுக்கு 34 கிராம், சுமார் 170 கலோரி. வழக்கமான கப்பின் மடிப்பு விளிம்பு இல்லாமல் கடலை வெண்ணெய் அதிகம் அடங்கியது. இந்த அலமாரியில் அதற்குத்தான் முதல் கை நீளும். அடுத்த மாதம் அதே அச்சு கிறிஸ்துமஸ் மரமாக மாறி முழு விலைக்கு வந்து நிற்கும். தள்ளுபடி அலமாரியில் எடுக்க வேண்டியது அடுத்த வருஷத்துக்கான பிளாஸ்டிக் பூசணி வாளியும், குழாய் பிரிக்காத ஒளிரும் வளையலும்தான். வளையல் வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். பழைய சரக்கு அடுத்த அக்டோபரில் மங்கலாகத்தான் எரியும்.